அமெரிக்க நாணய வகைத் தொகுப்பு: எந்த எல்லையோடு தொடங்குவது?

அமெரிக்க நாணயங்களைச் சேர்க்க விரும்புபவர் முன் முதலில் இரண்டு வழிகள் உள்ளன. ஒரே வடிவமைப்பில் வெளிவந்த எல்லா ஆண்டுகளையும் எல்லா நாணயச்சாலைக் குறிகளையும் (எந்த ஊர்ச் சாலையில் அடிக்கப்பட்டது என்று காட்டும் சிறு எழுத்து) தேடிச் சேர்ப்பது ஒன்று. ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரே ஒரு நல்ல நாணயம் என்று சேர்ப்பது மற்றொன்று. சேகரிப்பாளர்கள் இதை டைப் செட் என்பார்கள், நாம் வகைத் தொகுப்பு என்று சொல்லலாம். முதல் வழியில் லிங்கன் சென்ட் வரிசையை முடிக்க வேண்டுமானால், 1909-இல் சான் பிரான்சிஸ்கோவில் 4,84,000 மட்டுமே அடிக்கப்பட்ட, வடிவமைப்பாளர் விக்டர் டேவிட் பிரென்னரின் பெயரெழுத்துகளைத் தாங்கிய சென்ட்டைப் பல நூறு டாலர் கொடுத்து வாங்கியாக வேண்டும். வகைத் தொகுப்பிலோ, பின்புறத்தில் கோதுமைக் கதிர் உள்ள எந்த ஆண்டுச் சென்ட்டும் போதும். நாற்பதுகளில் அடிக்கப்பட்ட அழகான ஒன்றைச் சில்லறைக் காசுக்கே வாங்கிவிடலாம்.

இதனால் கவரப்பட்டு வகைத் தொகுப்பைத் தேர்ந்தவர்கள் அடுத்த கேள்வியில்தான் தேங்கி நிற்கிறார்கள். 1792-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தால் பிலடெல்பியாவில் நாணயச்சாலை அமைந்தது முதல் இன்றுவரை, அரை சென்ட்டிலிருந்து இருபது டாலர் தங்க நாணயம் வரை எத்தனையோ வடிவமைப்புகள் வந்து போயிருக்கின்றன. அவற்றில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது? வழிகாட்டிகள் பெரும்பாலும் ‘உங்கள் பணத்தின் அளவைப் பொறுத்தது’ என்று சொல்லி நிறுத்திவிடுகின்றன. அது உண்மைதான், ஆனால் போதாது. வகைத் தொகுப்பில் செலவு ஒருபோதும் சமமாகப் பரவுவதில்லை; முப்பது நாணயங்களில் இருபத்தைந்தை எளிதாக வாங்கிவிட்டு, மீதமுள்ள ஐந்துக்கு அந்த இருபத்தைந்துக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிகமாகக் கொடுக்க நேரும். ஆகவே முதல் நாணயத்தை வாங்குவதற்கு முன்பே, அந்தத் திட்டத்தின் மிகக் கடினமான இரண்டு மூன்று நாணயங்கள் எவை என்று பார்த்துவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், சொன்னபடி, தொகுப்பின் மிகக் கடினமான நாணயம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓராண்டு மட்டுமே வந்த வகைகள் எல்லாம் விலை உயர்ந்தவை அல்ல. 1883-இல் ‘சென்ட்ஸ்’ என்ற சொல் இல்லாமல் ரோமன் எண் ஐந்தை மட்டும் தாங்கி வந்த லிபர்ட்டி நிக்கலுக்கு (நிக்கல் என்பது ஐந்து சென்ட் நாணயம்) தங்க முலாம் பூசி ஐந்து டாலர் நாணயமாகச் சிலர் செலவழித்தார்கள். அதே ஆண்டிலேயே அந்தச் சொல் சேர்க்கப்பட்டது. பழைய வடிவம் அரிதாகிவிடும் என்று மக்கள் அதைப் பத்திரப்படுத்தியதால், இன்று அது உயர்ந்த தரத்திலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆகவே எத்தனை அடிக்கப்பட்டன என்பதைவிட எத்தனை பேர் பத்திரப்படுத்தினார்கள் என்பதே இங்கு முக்கியம்.

இரண்டாவது, தரத்தின் ஒற்றுமை. வில்லியம் ஷெல்டன் 1949-இல் பழைய பெரிய சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுமுறையே இன்று எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் பயன்படுகிறது. 60-உம் அதற்கு மேலும் புழக்கத்துக்கே வராதவை. ஒரு நாணயம் தேய்ந்து வழவழப்பாகவும் அடுத்தது கண்ணாடிபோல் மின்னியும் இருந்தால் தொகுப்பு கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது. எந்தத் தரத்தில் தொகுப்பு முழுவதையும் ஏறத்தாழ ஒரே நிலையில் முடிக்க முடியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விற்க நேர்ந்தால் கையில் திரும்பி வரும் பணம். நாணய வணிகர் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடையே எப்போதும் இடைவெளி இருக்கும். வெள்ளி, தங்க நாணயங்களில் உலோக மதிப்பு ஒரு தரைபோல் அடியில் நிற்கும், செம்பிலும் நிக்கலிலும் அது இல்லை. நான்காவது, போலியும், பளபளப்புக்காகக் கழுவி மதிப்பை இழந்த நாணயமும் கைக்கு வரும் அபாயம். ஐந்தாவது, அந்தத் தொகுப்பு நமக்கு எதைக் கற்றுத் தருகிறது என்பது. இதற்கு விலை இல்லை என்பதால் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் பாதியில் கைவிடப்படும் தொகுப்புகள் பெரும்பாலும் இந்த ஐந்தாவதில்தான் தோற்கின்றன.

## முதல் திட்டம்: 20ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு

1900 முதல் 1999 வரை என்று எல்லை வகுத்தால், முக்கியமான வகைகள் முப்பதைச் சற்றுத் தாண்டும். இதையே 1892-இல் நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பரின் வடிவமைப்பு வந்தது முதல் 1964-இல் புழக்க நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி முடிந்தது வரை என்று சுருக்கினால் ஏறத்தாழ இருபத்திரண்டு. தொடங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்லும் திட்டம் இந்தச் சுருக்கிய எல்லைதான். அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கிறேன்.

இந்த எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு முழுக் கதை இருக்கிறது. 1890-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வடிவமைப்பை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மாற்றக் கூடாது என்று வகுத்தது. டைம் (பத்து சென்ட்), குவார்ட்டர் (இருபத்தைந்து சென்ட்), அரை டாலர் மூன்றிலும் பார்பரின் ஒரே மாதிரியான சுதந்திரத் தேவி (லிபர்ட்டி) 1916-ஐ ஒட்டி அந்த வயதை அடைந்தபோது, நாணயச்சாலைக்கு வெளியே இருந்த சிற்பிகள் அழைக்கப்பட்டார்கள். அடால்ஃப் வைன்மன் மெர்க்குரி டைமையும் நடக்கும் லிபர்ட்டி அரை டாலரையும், ஹெர்மன் மெக்நீல் நிற்கும் லிபர்ட்டி குவார்ட்டரையும் உருவாக்கினார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசரின் எருமை நிக்கல் வந்திருந்தது. இந்த நான்கையும் பார்பரின் நாணயங்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, ஒரு நாட்டின் கலைப் பார்வை சில ஆண்டுகளில் எப்படி மாறியது என்பது விளக்கமில்லாமலே புரியும். வைன்மனின் அரை டாலர் வடிவம் 1986 முதல் வெளிவரும் ஒரு அவுன்ஸ் வெள்ளிக் கழுகு நாணயத்தில் மீண்டும் பயன்படுகிறது என்பதே அதன் அழகுக்குச் சான்று.

இரண்டாம் உலகப் போரும் இந்த எல்லைக்குள் தெளிவாகப் பதிந்திருக்கிறது. செம்பைச் சேமிக்க 1943-இல் சென்ட் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது. 1942 முதல் 1945 வரை நிக்கல் உலோகத்தைச் சேமிக்க ஐந்து சென்ட் நாணயத்தில் 35 விழுக்காடு வெள்ளி சேர்ந்தது. அதை அடையாளம் காட்ட, பின்புறத்தில் உள்ள ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகைக்கு மேலே பெரிய நாணயச்சாலைக் குறி இடப்பட்டது. பிலடெல்பியாவைக் குறிக்கும் ‘பி’ எழுத்து அமெரிக்க நாணயம் ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்றதும் அப்போதுதான். இரண்டு வகைகளும் மிக மலிவு. எஃகுச் சென்ட்டில் மட்டும் ஒரு கவனம் தேவை: சந்தையில் மின்னும் பலவற்றுக்குப் பிற்காலத்தில் மீண்டும் துத்தநாகம் பூசியிருக்கிறார்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தாலும் மூலப்பூச்சு உள்ளதையே வாங்க வேண்டும்.

இனி கடினமானவை. மேலோட்டமாகப் பார்ப்பவர் மோர்கன் டாலர் என்னும் வெள்ளி டாலரைக் கண்டு அஞ்சுவார். அது பெரியது, பழையது, புகழ்பெற்றது. ஆனால் 1878-ஆம் ஆண்டின் சட்டத்தால் தேவைக்கு மேல் அடிக்கப்பட்ட அந்த டாலர்கள் அரசுக் கருவூலத்தில் பைகளாகத் தூங்கின. 1918-ஆம் ஆண்டின் பிட்மன் சட்டத்தின் கீழ் 27 கோடிக்கும் மேல் உருக்கப்பட்ட பிறகும் கோடிக்கணக்கில் மீந்து, 1960-களின் தொடக்கத்தில் வெளியே வந்தன. எனவே 1881-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூர்மையாக அடிக்கப்பட்ட டாலரைப் புழங்காத நிலையிலேயே இயல்பான விலைக்கு வாங்கலாம். 1900-க்குப் பிந்தியது வேண்டும் என்பவருக்கு 1904-ஆம் ஆண்டின் நியூ ஆர்லியன்ஸ் டாலர் இருக்கிறது. 1921-ஆம் ஆண்டு மோர்கன் இவற்றைவிட மலிவு, ஆனால் அதன் அச்சு புதிதாகச் செதுக்கப்பட்டுச் சற்றுத் தட்டையானது. வகைக்கு ஒன்றுதான் வாங்கப் போகிறோம் என்னும்போது அதைத் தேர்வதில் பொருளில்லை.

உண்மையில் கடினம் பார்பர் அரை டாலர். யாரும் பத்திரப்படுத்தாத நாணயம் அது. கூலியாகவும் கடைச் சில்லறையாகவும் ஓயாமல் கைமாறித் தேய்ந்தது. மிகத் தேய்ந்த ஒன்று வெள்ளி மதிப்புக்குச் சற்று மேலே கிடைக்கும். ஆனால் தலைப்பட்டையில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ஏழு எழுத்துகளும் தெரியும் ‘ஃபைன்’ தரத்துக்குப் போனால் விலை ஏறும், அதற்கடுத்த ‘வெரி ஃபைன்’ தரத்தில் இன்னும் செங்குத்தாக ஏறும். இதற்கு அடுத்தது நிற்கும் லிபர்ட்டி குவார்ட்டரின் முதல் வடிவம். அது 1916, 1917 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1916-இல் 52,000 மட்டுமே அடிக்கப்பட்டதால் அதை எட்ட முடியாது, ஆனால் 1917-ஆம் ஆண்டினது தாராளமாக உண்டு. அதன் இரண்டாம் வடிவத்துக்கு 1925-க்கு முந்தியவற்றைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஆண்டு எண் மேடாக இருந்ததால் முதலில் தேய்ந்தது அதுதான். 1925 முதல்தான் அதைத் தாழ்த்திப் பதித்தார்கள். மோர்கனுக்கு அடுத்து வந்த வெள்ளி டாலரான பீஸ் டாலரின் 1921-ஆம் ஆண்டு உயர்புடைப்பு வடிவத்தைத் தனி வகையாகக் கொள்பவருக்கு அதுவும் ஒரு கடினமான இடம். அடிக்கப்பட்டவை பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான். தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு 1922 முதல் 1925 வரையிலான பீஸ் டாலர் ஒன்றை வைக்கலாம்.

ஆக, இத்திட்டத்தின் மிகக் கடினமான நாணயமும் சில நூறு டாலருக்குள் நல்ல நிலையில் முடிகிறது. வெள்ளி நாணயங்கள் உலோக மதிப்பைத் தாங்குகின்றன. மறைமுகச் செலவு ஒன்று உண்டு: வெள்ளி விலை ஏறும்போது சாதாரண நாணயங்களின் விலையும் சேர்ந்து ஏறுவதால், அந்நேரத்தில் அவசரப்பட்டு வாங்குபவர் நாணயத்துக்கன்றி உலோகத்துக்கே பணம் கொடுக்கிறார். அப்போது சென்ட்டுகளையும் நிக்கல்களையும் தேடலாம்.

## இரண்டாம் திட்டம்: 1800 முதல் இன்றுவரை

நாணய ஆல்பங்கள் தயாரிக்கும் டான்ஸ்கோ நிறுவனத்தின் 7070 எண் ஆல்பம் இத்திட்டத்துக்கே ஓர் அடையாளமாகிவிட்டது. அரை சென்ட்டில் தொடங்கி நவீன டாலர் வரை, நாணயம் பதிக்க ஏறத்தாழ எழுபது குழிகள் அதில் உள்ளன. விரும்பினால் தங்கத்துக்குத் தனிப் பக்கமும் சேர்க்கலாம்.

இதன் ஈர்ப்பு இன்று வழக்கில் இல்லாத மதிப்புகளில் இருக்கிறது. மூன்று சென்ட் அஞ்சல் கட்டணத்துக்கு ஏற்ப 1851-இல் வந்த, 0.8 கிராம் மட்டுமே எடையுள்ள மூன்று சென்ட் வெள்ளி நாணயம். ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகத்தை உள்நாட்டுப் போரின் நடுவே 1864-இல் முதலில் தாங்கிய இரண்டு சென்ட். குவார்ட்டரோடு குழம்பியதால் 1875-இல் பிறந்து நான்கே ஆண்டுகளில் மறைந்த இருபது சென்ட். சீன வணிகத்துக்காக 1873 முதல் அடிக்கப்பட்ட டிரேட் டாலர். 1853-இல் வெள்ளியின் எடை குறைக்கப்பட்டதை மக்களுக்குக் காட்ட, ஆண்டு எண்ணின் இருபுறமும் அம்புமுனைகள் இடப்பட்ட அமர்ந்த லிபர்ட்டி நாணயங்களும் இதில் அடங்கும். 19ஆம் நூற்றாண்டுப் பொருளாதார வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்கு இதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

ஆனால் கடினமான இடங்கள் ஒன்றல்ல, பல. 1800-க்குச் சற்றுப் பின் வந்த டிரேப்ட் பஸ்ட் (துணி போர்த்திய மார்பளவு லிபர்ட்டி) வடிவ வெள்ளி நாணயங்கள், அதிலும் டாலர், தேய்ந்த நிலையிலேயே பெருந்தொகை கேட்கும். அமர்ந்த லிபர்ட்டி டாலர் இரண்டு வடிவங்களும் இருபது சென்ட்டும் அடுத்த படியில் நிற்கின்றன. தரத்தை ஒன்றுபடுத்துவது இங்கே உண்மையிலேயே கடினம்: ஐம்பதுகளின் ஃபிராங்கிளின் அரை டாலர் மின்னும் ஆல்பத்திலேயே 1803-ஆம் ஆண்டின் கறுத்த, அரிப்பேறிய பெரிய சென்ட் இருக்கும். இத்தகைய தொகுப்பை மனநிறைவோடு முடித்தவர்கள் 19ஆம் நூற்றாண்டுக்கு ஒரு தரமும் 20ஆம் நூற்றாண்டுக்கு இன்னொரு தரமும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர்கள்.

மறைமுகச் செலவுகளும் இங்கேதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டு வெள்ளி நாணயங்களில் பெரும்பகுதி எப்போதோ யாராலோ கழுவித் தேய்க்கப்பட்டவை. அவை படத்தில் பளிச்சென்று தெரியும், விற்கும்போது விலையில் பாதியைக்கூடப் பெறாமல் போகலாம். டிரேட் டாலர் போலிகளின் கூடாரம். உண்மையானதன் எடை 27.22 கிராம், சாதாரண வெள்ளி டாலரினது 26.73 கிராம், நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு இல்லாமல் இத்திட்டத்தில் இறங்கவே கூடாது. ஆல்பத்துக்கும் ஓர் அதிகாரம் உண்டு: அதைத் தயாரித்தவர் எந்த வகைகளுக்குக் குழி வைத்தாரோ அவையே உங்கள் எல்லையாகிவிடும். அந்தப் பட்டியலை நீங்களே ஏற்கிறீர்களா என்று வாங்குமுன் படித்துப் பார்க்க வேண்டும்.

## மூன்றாம் திட்டம்: ஒரே மதிப்பு, எல்லா வடிவங்களும்

டைம் மட்டும், அரை டாலர் மட்டும் என்று ஒரு மதிப்பின் எல்லா வடிவங்களையும் சேர்ப்பது இது. குறைவாக மதிக்கப்படும் திட்டம் என்பதே என் எண்ணம். ஐந்து சென்ட் நிக்கலை எடுத்துக்கொள்வோம். 1866-இல் கேடய வடிவத்தோடு தொடங்கியது. பின்புறத்தில் நட்சத்திரங்களுக்கிடையே இருந்த கதிர்கள், கடினமான நிக்கல் கலவையில் அச்சைப் பாழாக்கியதால், அடுத்த ஆண்டே நீக்கப்பட்டன. பிறகு லிபர்ட்டி நிக்கல் இரண்டு வடிவம். 1913-ஆம் ஆண்டின் எருமை மேட்டின் மேலும், பிறகு கோட்டின் மேலும் நிற்கும் இரண்டு வடிவம். ஃபெலிக்ஸ் ஷ்லாகின் ஜெஃபர்சன், போர்க்கால வெள்ளிக் கலவை, 2004, 2005-ஆம் ஆண்டுகளின் லூயிஸ்–கிளார்க் பயண நினைவு வடிவங்கள், 2006 முதல் நேரே நம்மைப் பார்க்கும் ஜெஃபர்சன். ஏறத்தாழ ஒரு டஜன் நாணயங்களில் நூற்று அறுபது ஆண்டுகள் அடங்குகின்றன. மிகக் கடினமானது 1866–67-ஆம் ஆண்டுகளின் கதிர் கொண்ட நிக்கல். அதுவும் மிதமான தேய்மானத்தில் எட்டக்கூடியதே.

சென்ட்டை எடுப்பவர் 1793-இல் தொடங்கினால் அடுத்த திட்டத்தின் சிக்கலில் விழுவார். 1857-ஆம் ஆண்டின் பறக்கும் கழுகுச் சிறு சென்ட்டிலிருந்து தொடங்கினால் அச்சிக்கல் இல்லை. புழக்கத்துக்கான சென்ட் அடிப்பது 2025-இல் நின்றுவிட்டதால், அது இப்போது முற்றுப்பெற்ற வரிசையும்கூட.

உலோக மதிப்பின் தாங்கல் நிக்கலிலும் சென்ட்டிலும் கிட்டத்தட்ட இல்லை. பன்முகத்தன்மையும் குறைவு. ஆனால் எல்லா நாணயமும் ஒரே அளவில் இருப்பதால் தரத்தை மதிப்பிடும் கண் விரைவாகப் பழகுகிறது. பிள்ளைகளோடு சேர்ந்து சேகரிக்க விரும்புபவருக்கும் இதுவே பொருத்தம்; வங்கியில் வாங்கும் நிக்கல் சுருள்களில் இன்றும் போர்க்கால நாணயம் எப்போதாவது தென்படுகிறது.

## நான்காம் திட்டம்: 1793 முதல் முழுமையாக

இதைத் தொடக்கத்திலேயே தேர்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1793-ஆம் ஆண்டின் சங்கிலி சென்ட் அடிக்கப்பட்டது 36,103. பின்புறத்தில் சிறு கழுகு உள்ள 1796-ஆம் ஆண்டின் குவார்ட்டர் 6,146. 1796, 1797 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சிறு கழுகு அரை டாலர் இரண்டும் சேர்த்து 3,918. இவற்றில் கடைசியானது எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பல்லாயிரம் டாலர் கேட்கும். அது எந்த ஆண்டைத் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாத குழி. இத்திட்டத்தில் எளிய நாணயங்களை வாங்கி முடிப்பது முன்னேற்றமே ஆகாது. ஏற்கெனவே இரண்டாம் திட்டத்தை முடித்தவர், ஏலங்களில் பழகியவர், நம்பகமான வணிகர் ஒருவரைத் தெரிந்தவர் இதைத் தொடரலாம்.

## ஐந்தாம் திட்டம்: தங்க வகைத் தொகுப்பு

பரவலாகச் சேர்க்கப்படுவது எட்டு நாணயத் தொகுப்பு: இரண்டரை, ஐந்து, பத்து, இருபது டாலர் ஆகிய ஒவ்வொன்றிலும் பழைய லிபர்ட்டி வடிவம் ஒன்று, 1907–08-க்குப் பிந்திய புது வடிவம் ஒன்று. ஒரு டாலரின் மூன்று வடிவங்களும் மூன்று டாலரும் சேர்ந்தால் பன்னிரண்டு. அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸின் இருபது டாலரும், உருவங்கள் பள்ளமாகப் பதிந்த பெலா லயன் பிராட்டின் இரண்டரை, ஐந்து டாலர்களும் இதில் உண்டு. அமெரிக்க நாணயக் கலையின் உச்சம் இதுவே என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

எட்டு நாணயங்களிலும் சேர்த்து மூன்றரை டிராய் அவுன்ஸுக்கு மேல் தூய தங்கம் இருக்கிறது. அதனால் தாங்கல் வலுவானது, நுழைவுச் செலவும் அதற்கேற்ப உயரமானது. ஆனால் தங்க விலையோடு கட்டுண்ட இருபது டாலரும் தன் தங்க மதிப்பைவிட மிக உயர்ந்து விற்கும் மூன்று டாலரும் ஒரே வகை முதலீடு அல்ல. பிராட்டின் இரண்டரை டாலரில் போலிகள் ஏராளம். அவற்றில் பல உண்மையான தங்கத்திலேயே செய்யப்பட்டவை என்பதால் எடை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று பெற்ற உறையில் உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும். அமெரிக்காவில் வரி செலுத்துபவர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: நாணயங்களை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் ஆதாயத்துக்குக் கூட்டரசு வரி 28 விழுக்காடு வரை போகலாம், பங்குகளுக்கான சலுகை வீதம் இதற்குக் கிடையாது. இது எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தினாலும் தங்கத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| திட்டம் | நாணயங்கள் (ஏறத்தாழ) | மிகக் கடினமானவை | உலோகத் தாங்கல் | போலி, கழுவிய நாணய அபாயம் | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|---|
| 1892–1964 | 22 | பார்பர் அரை டாலர், 1917 முதல் வடிவக் குவார்ட்டர் | நல்லது | மிதம் | முதல் தொகுப்புக்கு |
| 1800 முதல் | 70 | டிரேப்ட் பஸ்ட் டாலர், அமர்ந்த லிபர்ட்டி டாலர், இருபது சென்ட் | ஓரளவு | அதிகம் | வரலாற்று ஆர்வமும் நீண்ட பொறுமையும் இருந்தால் |
| நிக்கல் மட்டும் | 12 | கதிர் கொண்ட கேடய நிக்கல் | இல்லை | குறைவு | சிறு செலவில் தரம் பார்க்கப் பழக |
| 1793 முதல் முழுமை | 100-க்கு மேல் | 1796–97 அரை டாலர், 1796 குவார்ட்டர், சங்கிலி சென்ட் | பொருட்டல்ல | மிக அதிகம் | அனுபவமும் பெரும் பொருளும் சேர்ந்தால் |
| தங்கம் | 8 அல்லது 12 | மூன்று டாலர், 1854–56 ஒரு டாலர் | மிக வலுவானது | அதிகம் | குறைந்த எண்ணிக்கையில் பெருந்தொகை இடும்போது |

## ஆல்பமா, சான்று உறையா

எந்தத் திட்டமானாலும் இந்தக் கேள்வி வரும். நாணய மதிப்பீட்டு நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986 முதலும் என்.ஜி.சி. 1987 முதலும் நாணயங்களை மதிப்பிட்டு, ஸ்லாப் எனப்படும் ஒட்டி மூடிய பிளாஸ்டிக் உறையில் தருகின்றன. உறைக்குள் இருப்பதை ஆல்பத்தில் வைக்க முடியாது. ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நோக்கில் காணும் இன்பம் உறைகளை அடுக்கிய பெட்டியில் கிடைக்காது. சில டாலர் மதிப்புள்ள மெர்க்குரி டைமை மதிப்பீட்டுக்கு அனுப்பினால் கட்டணமும் காப்பீட்டு அஞ்சலும் நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும். எனவே பெரும்பாலானவற்றை ஆல்பத்திலும், விலையுயர்ந்தவற்றையும் போலிகள் மலிந்த வகைகளையும் உறையிலும் வைக்கும் கலப்பு முறையே பொருத்தம். ஆல்பத்தில் அவற்றுக்கான குழி காலியாக இருப்பது குறையல்ல. மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும்; அவை கசியவிடும் பச்சைப் படிவு வெள்ளியையும் செம்பையும் அரிக்கும்.

## தேர்ந்தபின் வாங்கும் வரிசை

1892–1964 திட்டத்தை ஏற்பவருக்கு ஒரு வேண்டுகோள். எளிய நாணயங்களை வேகமாக வாங்கிக் குழிகளை நிரப்பும் ஆசையைச் சற்றே அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் நாற்பதுகளின் நடக்கும் லிபர்ட்டி அரை டாலர் ஒன்றையும் மெர்க்குரி டைம் ஒன்றையும் வாங்கி, இயற்கையான மினுமினுப்பு வெளிச்சத்தில் எப்படிச் சுழல்கிறது என்று பாருங்கள்; கழுவிய நாணயத்தில் அந்தச் சுழற்சி இருக்காது. கண் அதற்குப் பழகியவுடன், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பார்பர் அரை டாலரைத் தேடுங்கள். நிறம் சாம்பலாய் ஒரே சீராக, ஏழு எழுத்துகளும் தெரிய, விளிம்பில் அடிபடாமல் இருக்கும் ஒன்று கிடைக்கும் வரை காத்திருங்கள். அது எந்தத் தரத்தில் உங்கள் கைக்கு எட்டுகிறதோ, அதையொட்டி மற்றப் பார்பர் நாணயங்களின் தரத்தையும் எருமை நிக்கலின் தரத்தையும் முடிவு செய்யலாம். ஃபிராங்கிளின் அரை டாலர், ரூஸ்வெல்ட் டைம், 1964-ஆம் ஆண்டின் கென்னடி போன்றவை எந்த நாணயக் கண்காட்சியிலும் கிடைக்கும். அவற்றைக் கடைசியில் ஒரே நாளில்கூட வாங்கிவிடலாம்.